நகல் தங்கும் இடங்கள்

போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்தால், கும்பகோணத்துச் சந்து ஒன்றில் இருக்கும் அந்த ஜெராக்ஸ் கடையில் காலை ஒன்பதரைக்கே கூட்டம் சேர்ந்துவிடும். ஃபோட்டோ 50 கேபியைத் தாண்டக் கூடாது, கையெழுத்து 20 கேபிக்குள் அடங்க வேண்டும், சான்றிதழ் பிடிஎஃப்பாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தளமும் ஓர் அளவு சொல்லும். செல்பேசியில் எடுத்த படமோ 4 எம்பி இருக்கும். கடைசி நாளில் ஓடிவரும் பையன், தேடலில் முதலில் வந்த ஏதோ ஓர் இலவசச் சுருக்கும் தளத்தைத் திறந்து, ஆதார் அட்டையை அதில் ஏற்றப் போவான்.

"தம்பி, அதுல ஏத்தாத. இங்க அனுப்பு, அரை நிமிஷ வேலை."

"எல்லாரும் இதுலதான்க்கா பண்றாங்க."

"அந்த கம்ப்யூட்டர் எந்த ஊர்ல இருக்கு, யாரு வச்சிருக்கான்னு உனக்குத் தெரியுமா? இது உன் கண்ணு முன்னாடி இருக்குல்ல."

கடையை நடத்தும் அந்தப் பெண்மணியின் மேசையில் இரண்டு பழைய கணினிகள். இரண்டிலும் லினக்ஸ் மின்ட். கொள்கைப் பிடிப்பால் மாறியவர் அல்ல அவர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி அவருடைய கணினிகளுக்கு இல்லை. புதிது வாங்கக் கையில் பணமும் இல்லை. மாறிய பிறகுதான் ஒன்று புலப்பட்டது. ஊரெல்லாம் எந்தெந்தத் தளத்திலோ செய்துகொள்ளும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவையான கருவிகள், பல ஆண்டுகளாக எவரெவரோ பொறுமையாகச் செதுக்கிய நிலையில், இலவசமாகவே லினக்ஸில் கிடைக்கின்றன. கேட்டால் வரும். கேட்கத் தெரிய வேண்டும்.

ஃபோட்டோவைச் சுருக்குவதற்கு இமேஜ்மேஜிக். 1990இல் வெளிவந்த கருவி. 'இத்தனை சதவீதத் தரத்தில் சேமி' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துத் தோற்பதைவிட, அதிலுள்ள 'எக்ஸ்டென்ட்' என்ற அமைப்பில் 50 கேபி என்று மேல்வரம்பைக் கொடுத்துவிடலாம். அந்த வரம்புக்குள் வரும்படி தரத்தை அதுவே தேடிக்கொள்ளும். முதலில் படத்தின் நீள அகலத்தைக் குறைத்துவிட்டு இதைச் செய்தால் முகம் தெளிவாக இருக்கும். 4,000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே 50 கேபிக்குள் திணித்தால் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அந்த வரிசை தெரியாமல்தான் பலரும் 'லினக்ஸில் படம் சரியாக வராது' என்கிறார்கள்.

கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு டெர்மினல் என்றால் பயம். அதற்கும் வழி உண்டு. மின்ட்டின் கோப்பு மேலாளரான நீமோவுக்கு, வீட்டு அடைவுக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஓர் அடைவு இருக்கிறது. கட்டளையை ஒரு சிறு கோப்பாக எழுதி, இயங்கும் அனுமதி கொடுத்து அதில் போட்டுவிட்டால், எந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்தாலும் அது பட்டியலில் வந்து நிற்கும். 'ஃபோட்டோ 50', 'கையெழுத்து 20', 'பிடிஎஃப் சிறிது' என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெண் இப்போது டெர்மினலைத் திறப்பதே இல்லை. திறக்க வேண்டிய தேவையும் இல்லை.

பிடிஎஃப்பைச் சுருக்குவது கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் வேலை. அது 1988இலிருந்து இருக்கிறது. அதில் 'ஸ்கிரீன்' என்ற அளவு படங்களை அங்குலத்துக்கு 72 புள்ளிக்கு இறக்கும், 'ஈபுக்' 150 புள்ளிக்கு. சான்றிதழுக்கு எப்போதும் ஈபுக்தான். 72இல் முத்திரையின் எழுத்து கலங்கி, விண்ணப்பம் திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது. இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதன்பின் பிறந்த ஆண்டு. பூட்டைக் கழற்றிய பிரதி வேண்டுமென்றால் கியூபிடிஎஃப் அதை நொடியில் செய்யும். அப்படிக் கழற்றிய பிரதியை எங்கே விட்டுவைக்கிறோம் என்பதில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கலை அவர் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து.

வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்காக ஒருவர் ஆதார் கொடுக்க வேண்டியிருந்தது. எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தெரிந்தால் போதும், மற்றதை மறைத்துத் தாருங்கள் என்றார். கடைக்காரர் லிப்ரே ஆஃபீஸ் டிராவில் கோப்பைத் திறந்து, எட்டு இலக்கத்தின் மேல் கறுப்புக் கட்டம் போட்டு, பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்தார். பார்வைக்கு எல்லாம் சரி. வாடிக்கையாளரும் திருப்தியாகப் போய்விட்டார். சில வாரம் கழித்து வேறு வேலையாக பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவும் 'பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட்' கருவியைப் பழகிக்கொண்டிருந்தபோது, சோதனைக்குத் தன் சொந்த ஆதாரை அதேபோல் மறைத்து ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டு இலக்கமும் திரையில் வரிசையாக வந்து நின்றன.

காரணம் எளிது. பிடிஎஃப் என்பது தாளின் படம் அல்ல. இந்த எழுத்தை இங்கே எழுது, பிறகு இங்கே ஒரு கட்டம் வரை என்று அடுக்கடுக்காகச் சொல்லும் கட்டளைத் தொகுப்பு. கறுப்புக் கட்டம் எழுத்தின் மேல் வந்து உட்காருமே தவிர எழுத்தை அழிக்காது. சுட்டியால் தேர்ந்தெடுத்து நகலெடுத்தாலே போதும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மனஃபோர்ட் என்ற அரசியல் ஆலோசகரின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் மறைக்கப்பட்டிருந்த பகுதிகளைச் செய்தியாளர்கள் படித்தது இப்படித்தான். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினார்கள், மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

வாடகைதாரரை அழைத்து, விஷயத்தைச் சொல்லி, வேறு பிரதி கொடுத்தார் கடைக்காரர். அன்று முதல் கடையில் மறைக்கும் வேலைக்கு ஒரே முறைதான். லிப்ரே ஆஃபீஸ் 6.3 பதிப்பிலிருந்து 'ரிடாக்ட்' என்றே ஒரு வசதி உண்டு. அது பக்கத்தைப் படமாக்கி, மறைத்த பகுதியைப் படத்தோடு படமாகக் கலந்துவிடும், அடியில் எழுத்து மிஞ்சாது. முடிந்ததும் பிடிஎஃப்-டு-டெக்ஸ்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறுமையாக வந்தால்தான் வாடிக்கையாளர் கையில் போகும். ஆதாருக்கு மட்டும் என்றால் இந்தப் பாடே வேண்டாம். முதல் எட்டு இலக்கம் மறைந்த பிரதியை ஆதார் ஆணையத்தின் தளமே பதிவிறக்கத் தருகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் தன் கணினியை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார். ஒரு கோப்பை அழித்தால் அது எங்கெங்கே இன்னும் இருக்கிறது? ஷிஃப்ட்டோடு சேர்த்து அழித்தால் குப்பைத் தொட்டிக்கும் போகாது என்று நம்பியிருந்தார். வீட்டு அடைவில் மறைந்திருக்கும் 'கேச்' என்ற இடத்தில் 'தம்ப்நெயில்ஸ்' அடைவைத் திறந்தபோது, எப்போதோ அழித்த பான் அட்டைகளும் முகங்களும் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் இருந்தன. கோப்பு மேலாளர் முன்னோட்டம் காட்டுவதற்காக ஒருமுறை உருவாக்கியவை. மூலக்கோப்பு அழிந்ததும் தாமாக அழிவதில்லை. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலோ வாடிக்கையாளர் பெயர்களைத் தேதியோடு சுமந்துகொண்டிருந்தது. இரண்டையும் மின்ட்டின் அமைப்புகளிலேயே நிறுத்திவைக்கலாம்.

பிரிண்டர் பக்கமும் ஒரு நகல் இருந்தது. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ், அச்சிட்டு முடித்த ஆவணத்தை இயல்பாக 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், தன்னிடம் வைத்திருக்கிறது. தாள் சிக்கிக்கொண்டால் மறுபடி அச்சிட அது உதவும்தான். ஆனால் நாளொன்றுக்கு நூறு பேரின் ஆவணம் அச்சாகும் கடைக்கு அது பொருந்தாது. கப்ஸின் அமைப்புக் கோப்பில் 'பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ்' வரியில் 'நோ' என்று எழுதி, சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும். தாள் சிக்கினால் மறுபடி கோப்பைத் திறந்து அச்சிட வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

இப்போது வாடிக்கையாளர் கோப்புகள் வட்டிலேயே இறங்குவதில்லை. லினக்ஸில் நினைவகத்தையே அடைவுபோலப் பயன்படுத்தும் இடம் ஒன்று உண்டு; கணினியை அணைத்ததும் அதிலிருப்பது இல்லாமல் போகும். உலாவியின் பதிவிறக்க இடத்தை அங்கே மாற்றி வைத்திருக்கிறார். நினைவகம் நெருக்கடியாகும்போது அதிலுள்ளவை ஸ்வாப் என்ற வட்டுப் பகுதிக்குப் போகக்கூடும். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் ஸ்வாப்பை நிறுத்திவிட்டார். மின்வெட்டுதான் ஒரே தொல்லை. யுபிஎஸ் பேட்டரி தளர்ந்திருந்த ஒரு மாலையில், முக்கால்வாசி முடிந்த பதினெட்டுப் பக்க ஸ்கேன் கண்ணெதிரே போனது. புதிய பேட்டரி மறுநாளே வந்தது, முறையை மாற்றவில்லை.

ஆன்லைன் கருவிகளை அவர் ஒதுக்கிவிட்டார் என்று இதற்குப் பொருளில்லை. எதை எங்கே அனுப்பலாம் என்று பிரித்துப் பார்க்கிறார். பழைய கல்யாணப் பத்திரிகைகள் பாமினி எழுத்துருவில் வரும். எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலமாகக் கிடக்கும். அதை யூனிகோடாக்க ஏதாவதொரு தளத்தில் ஒட்டினால் முடிந்தது. பத்திரிகை ஊரையே அழைப்பதற்குத்தானே, ஒளிக்க அதில் என்ன இருக்கிறது? அதே பாமினியில் அடித்த பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தால் தளத்துக்குப் போகாது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் இருக்கும் மாற்றி, கடைக்குள்ளேயே அதைச் செய்துவிடும். அச்சுப் பக்கத்தை எழுத்தாக்க டெசராக்ட் இருக்கிறது. 300 புள்ளியில் நேராக ஸ்கேன் செய்த தெளிவான தமிழை நன்றாகவே படிக்கும், கையெழுத்துப் பிரதியை நம்பிக் கொடுக்க முடியாது.

உலாவியில் திறந்தாலும் கோப்பை வெளியே அனுப்பாத தளங்களும் உண்டு. ஸ்குவூஷ் அப்படிப்பட்டது, படத்தைச் சுருக்கும் வேலை முழுவதும் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. ஒரு தளம் எந்த வகை என்று ஓரளவு தெரிந்துகொள்ள அவர் செய்யும் சோதனை யாரும் செய்யக்கூடியது. தளத்தைத் திறந்தபின் வைஃபையை நிறுத்திவிட்டு, யாருடையதும் அல்லாத ஒரு பூப்படத்தைக் கொடுத்துப் பார்ப்பார். வேலை நடந்தால் கணக்கு உள்ளேதான் நடக்கிறது. சுற்றிக்கொண்டே இருந்தால் கோப்பு வெளியே போக வேண்டியிருக்கிறது. கோப்பு மாற்றித் தரும் போலித் தளங்கள் வழியாகத் தீநிரல் பரவுவதாக 2025 மார்ச்சில் எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் எச்சரித்தது. அதைப் படித்த அன்று கடைச் சுவரில் ஓர் ஏ4 தாள் ஒட்டினார்: 'ஆதார், பான், பாஸ்புக் எதையும் தளத்தில் ஏற்ற வேண்டாம். இங்கேயே சுருக்கித் தருகிறோம். கட்டணம் இல்லை.'

மிச்சமிருப்பது செல்பேசி. எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். கடை எண்ணில் புதிய உரையாடல்களின் செய்திகள் 24 மணி நேரத்தில் மறையும்படி வைத்திருக்கிறார், கேலரியில் தானாகச் சேமிப்பதையும் நிறுத்தியிருக்கிறார். 'ஃபோட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க' என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார், தெளிவு குறையாமல் வரும் என்பதற்காக. ஆனால் அப்படி வரும் படத்தில், எடுத்த இடத்தின் இருப்பிடக் குறிப்பும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். எக்ஸிஃப்டூல் கொண்டு அதைத் துடைக்கும் வரியை 'ஃபோட்டோ 50' ஸ்கிரிப்ட்டில் போன வாரம்தான் சேர்த்தார். 'கையெழுத்து 20'இல் இன்னும் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு உட்கார வேண்டும் என்றிருக்கிறார்.