பள்ளிக்கூடத்தின் பின்னறை

குப்பையை வாயிலுக்கு வெளியே எறிந்துவிட்டால் வீடு சுத்தமாயிற்று என்று எண்ணுவது நம் மக்களிடையே நெடுநாளாக வேரூன்றிய பழக்கம். எறிந்த பொருள் எங்கே சென்றது, எவர் காலில் தைத்தது, எந்த ஓடையில் கலந்தது என்று கேட்பார் அரியர். வாழைத்தோலையும் அடுப்புச் சாம்பலையும் பொறுத்தமட்டில் இதனால் பெருங்கேடு விளையாதிருக்கலாம். நஞ்சின் செய்தி வேறு. அது நம் கண்ணுக்கு மறையும் பொழுதே வேறொருவர் கைக்குச் சென்று சேர்கிறது. இவ்வுண்மையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டிய பள்ளிக்கூடமே இதனை மறந்திருத்தல் பற்றி யாம் இங்குச் சில கூறப் புகுந்தோம்.

பள்ளிக்கூடத்தில் நஞ்சேது என்று சிலர் வியக்கக்கூடும். பின்னறையைத் திறந்து பார்ப்பின் வியப்பு நீங்கும். எரிந்து போன குழல் விளக்குகள், கசிந்து துருவேறிய பேட்டரிகள், அறிவியல் கூடத்தில் உடைந்த பாதரச வெப்பமானி, பழுதுற்ற கணினிகள், பாதி உலர்ந்த சாயத் தகரங்கள், திடலுக்கு வாங்கிய களைக்கொல்லி, எலி மருந்து, கழிவறைக்குரிய அமிலம் ஆகியவற்றை அங்கே காணலாம். இடைநிலைப் பள்ளியாயின், பெயர்ச்சீட்டு உதிர்ந்த இரசாயனப் போத்தல்களும் சேரும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியப்படாத போத்தலைவிட அபாயமானது வேறொன்றில்லை.

தோட்டத்தில் கிராணியாக இருக்கும் எமக்கு இதனோடு ஒப்பிட ஒன்று உண்டு. தோட்டத்து மருந்து ஸ்டோருக்குப் பூட்டு உண்டு; சாவி ஒருவர் பொறுப்பில் இருக்கும். எத்தனை கேன் வந்தது, எத்தனை சென்றது, எவர் பெற்றார் என்பன புத்தகத்தில் ஏறும். காலியான கேனை மும்முறை கழுவித் துளையிட்டுவிட வேண்டும். இல்லாவிடில் அது லயத்தில் தண்ணீர்க் கேனாகிவிடும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டில் தடுக்கப்பட்டது. இவ்வொழுங்கெல்லாம் முதலாளிமாரின் இரக்கத்தால் மட்டும் வந்தனவல்ல. சட்டமும், மேற்பார்வையும், நஞ்சால் நலிந்த தொழிலாளரின் கூக்குரலும் கொணர்ந்தவை. செம்பனைக்கு அடிக்கும் நஞ்சுக்குப் பூட்டும் கணக்கும் இருக்க, பிள்ளைகள் ஓடியாடும் இடத்து நஞ்சுக்கு அவை பல பள்ளிகளில் இல்லாதிருப்பது எவ்வளவு பெரிய குறை!

நிற்க, இப்பொருள்களின் இயல்பைச் சற்று நோக்குவோம். பாதரசம் அறையின் வெப்பத்திலேயே ஆவியாகும். அவ்வாவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூச்சோடு புகுந்து மூளையையும் நரம்பையும் கெடுக்கும். வெப்பமானி உடைந்தவுடன் துடைப்பத்தால் பெருக்குவோமாயின் துளிகள் மேலும் சிதறி ஆவி மிகும். பிள்ளைகளை வெளியே அனுப்பிச் சன்னல்களைத் திறந்துவிட்டு, கையுறை அணிந்து, தடித்த அட்டையால் துளிகளைக் கூட்டி, இறுக மூடும் போத்தலில் அடைத்தலே முறை. ஜப்பானில் மினமாட்டா நகரத்துத் தொழிற்சாலையொன்று கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனுக்குள் சென்று, மீன் வழியே மக்களுக்குள் சென்று, பிறவாத குழந்தையையும் முடமாக்கியது. அந்நோய் 1956-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கைக்கு அந்நகரின் பெயரே இடப்பட்டது.

இதனினும் அன்றாட அபாயம் ஒன்று உண்டு. எமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் துப்புரவு செய்யும் முதிய அம்மையார், வெளுப்பு நீரையும் கழிவறை அமிலத்தையும் ஒரே வாளியில் ஊற்றினார். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். இருமி, கண் எரிந்து, சுவரைப் பற்றியவாறு அவர் வெளியே வந்தார். “இரண்டும் சேர்ந்தால் இன்னும் வெள்ளையாகும் என்று நினைத்தேன் ஐயா,” என்றார் எம்மிடம். போத்தலை எடுத்துப் பார்த்தோம். எச்சரிக்கை தெளிவாகவே இருந்தது, மலாயிலும் ஆங்கிலத்திலும். அவர் படிக்கத் தெரிந்ததோ தமிழ் மட்டும். அவரிடம் குற்றம் காண்பது எங்ஙனம்? ஆங்கிலம் படித்த நம்மனோர் அச்சீட்டை ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டியிருப்பின் அது நேர்ந்திராது.

இங்கேதான் நம் சமூகத்தின் பழைய நோய் தலைகாட்டுகிறது. குப்பைக்கும் சாதி கற்பித்து, அதை அள்ளுவது சிலர் தலையெழுத்தென்று ஒதுக்கி வைத்த கூட்டம் நம்முடையது. கடல் கடந்து வந்தும் அக்கொடிய எண்ணம் முற்றும் ஒழியவில்லை. ஆகவேதான் பின்னறையில் இருப்பது யாதென்று தலைமையாசிரியரும் கேளார், பெற்றோரும் கேளார். கையுறையுமின்றி அதை அள்ளுகிறவருக்கோ கேட்கும் துணிவில்லை. கழிவைப் பற்றிப் பேசுதல் இழிவென்று கருதுமளவும், அதன் நஞ்சு எளியோர் உடலிலேயே இறங்கும்.

சட்டம் இதில் ஊமையன்று. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005-இல் வந்த விதிகள், அபாயக் கழிவுகளை 77 வகையாகப் பிரித்து, கழிவை உண்டாக்கியவரையே அதற்குப் பொறுப்பாளியாக்குகின்றன. பெயரிட்டு, கணக்கெழுதி, 180 நாளுக்கு மேல் தேக்காமல், உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் அத்தகைய கழிவுகளை அழிக்கும் நிலையம் 1998 முதல் உள்ளது.

ஒப்படைக்காமல் ஒளித்துக் கொட்டுவதன் விளைவை ஜொகூர் பாசிர் கூடாங் காட்டிற்று. 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆற்றருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறினர்; ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர்; அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அக்கொடியவர்களை நாமெல்லாம் ஏசினோம், ஏசியது முறையே. ஆயினும், பள்ளிக் கால்வாயில் ஒரு போத்தல் அமிலத்தை ஊற்றுவதும், பேட்டரியைச் சருகோடு எரிப்பதும் அளவில் சிறியவாயினும் இனத்தில் அதுவேயாகும்.

பள்ளிகள் செய்யத்தக்கவை அரியன அல்ல. முதலாவது, பின்னறைக்கு ஒரு பூட்டும் ஒரு புத்தகமும் வேண்டும். இரண்டாவது, போத்தல் ஒவ்வொன்றிலும் பெயரும் வாங்கிய நாளும் தமிழிலும் எழுதப்படல் வேண்டும். மூன்றாவது, சிவப்புச் சாய்சதுரத்துள் வரையப்பட்ட அபாயக் குறிகள் ஒன்பதையும் ஆசிரியர், மாணவர், துப்புரவாளர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து கற்றல் வேண்டும். மண்டையோட்டின் படத்துக்கு மொழி வேண்டாமன்றோ? நான்காவது, தேவைக்கு மேல் வாங்காதிருத்தல். வாங்காத நஞ்சுக்கு அழிக்கும் செலவில்லை.

செலவுக்கு எங்கே போவது என்பர். தனியொரு சிறு பள்ளிக்கு வண்டி அழைப்பது பாரமே. ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் வாயிலாக ஒன்றுகூடி, உரிமம் பெற்றவரின் வண்டியை ஒரே நாளில் அழைப்பின் பாரம் பகிரப்படும். திருவிழாவுக்கும் மாலை மரியாதைக்கும் பணம் திரட்டத் தெரிந்த நாம், பிள்ளைகளின் மூச்சுக்காகத் திரட்டத் தெரியோம் என்பது நம்பத்தக்கதன்று.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு முடித்த பின், “பின்னறையில் யாது உளது? அதன் கணக்கெங்கே? அதை அள்ளும் அம்மாவுக்குக் கையுறை உண்டா?” என்னும் மூன்று கேள்விகளை நம் தோழர்கள் எழுந்து கேட்பார்களாக.