தவளை கத்தாத ஓடை

ஹைதராபாத் போகிறவர்கள் சார்மினார் பார்ப்பார்கள், கோல்கொண்டா ஏறுவார்கள், முத்துமாலை வாங்குவார்கள். நானும் ஒன்று விடவில்லை. ஆனால் என் நாத்தனார் குடியிருப்பது பட்டன்செருவில். நகரத்துக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர். மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன இடம். அங்கே இசுகவாகு என்று ஓர் ஓடை. தெலுங்கில் 'மணல் ஓடை' என்று அர்த்தமாம். அதைப் பார்க்கணும் என்றேன்.

"ஓடையிலே என்ன அண்ணி இருக்கு பார்க்க?" என்று சிரித்தாள். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனாள்.

கரையில் எருமை மேய்த்த ஒரு பாட்டி தெலுங்கில் சொன்னதை நாத்தனார் எனக்குச் சொன்னாள்: "சின்ன வயசிலே இதிலேதான் மீன் பிடிப்போம். மழை பெய்தால் தவளைச் சத்தத்திலே தூக்கமே வராது."

2007-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இங்கே சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவுநீரைச் சுத்திகரித்து விட்ட பிறகும், அதில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்ததாம். அதைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது! நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோ. 500 மில்லிகிராம் மாத்திரையாக எண்ணிப் பாருங்கள், 90,000 மாத்திரை!

சுத்திகரித்த பிறகுமா என்று கேட்பீர்கள். தயிர் உறைவது போலத்தான் இதுவும். கழிவைத் தின்று தீர்ப்பவை கிருமிகள். ஆன்டிபயாடிக் கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. அதே மாதிரி அந்தக் கிருமிகளும் சாகும். சாகாமல் தப்பியவை மருந்துக்கு அடங்காதவை. அவை பெருகினால், நாளைக்கு நம் குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து கேட்காது.

தவளை விஷயத்துக்கு வருகிறேன். 2009-இல் வெளியான ஒரு சோதனையில் இதே கழிவுநீரை 500 பங்கில் 1 பங்காகக் கலந்த நீரில் தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள். வளர்ச்சி 40 சதவிகிதம் குறைந்துவிட்டது. பாட்டி இதையெல்லாம் படித்தவளில்லை. ஆனாலும் எருமையை ஓடையில் இறங்க விடாமல் கயிற்றைச் சுருக்கிப் பிடித்திருந்தாள்.

இந்த ஓடை நக்கவாகுவில் சேர்ந்து, மஞ்சிரா வழியே கோதாவரிக்குப் போகிறது.

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். பையனுக்குச் சளியாம். "ஆன்டிபயாடிக் வேண்டாம், வெந்நீர் கொடுங்கன்னு அனுப்பிட்டார் டாக்டர்" என்று குறைப்பட்டாள்.

"அவர் வீட்டு விலாசத்தை எழுதி வைச்சுக்கோ. நல்ல டாக்டர்!" என்றேன்.