விடியலில் ஒரு குரல்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஓசார்க் குன்றுகளில், ஓர் இலையுதிர் காலத்தில் நாம் தங்கியிருந்தோம். காட்டு வான்கோழிகளின் நடமாட்டத்தை வேட்டைக்கு முன்னரே அறியச் சென்ற முதிய குடியானவர் ஒருவர், நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். ஓக் மரங்களின் அடியில் சருகுகள் கிளறப்பட்டுக் கிடந்தன. பெட்டைகளும் அவ்வாண்டுப் பிறந்த இளம் பறவைகளும் கூட்டமாய்க் கொட்டை பொறுக்கக் கண்டோம்.

மீண்டும் ஏப்ரலில் சென்றபோது, அவ்விடத்திற்கே நாம் உறுதியுடன் வழிகாட்டினோம். ஒரு பறவையும் இல்லை! முதியவர் நகைத்தார்: "கூட்டம் கலைந்துவிட்டது, தந்தையே. இலையுதிர் காலத்தில் இரையைத் தேட வேண்டும்; வசந்தத்தில் குரலைக் கேட்க வேண்டும்."

வேட்டை தொடங்கிய நாளன்று, இருள் பிரியுமுன் குன்றின்மீது பேசாது நின்றோம். மரக்கிளையிலிருந்து சேவலின் குரல் எழுந்தது. சற்றுப் பொறுத்து ஒரு பறவை புதரோரம் வந்தது. அவர் துப்பாக்கியை உயர்த்தினார், பின் தாழ்த்தினார். வசந்தத்தில் சேவலையோ, மார்பில் தாடிபோன்ற இறகுக்கற்றை தெரியும் பறவையையோ மட்டுமே சுடலாம். மங்கிய ஒளியில் அவருக்கு அது உறுதிப்படவில்லை.

காடழிப்பாலும் அளவற்ற வேட்டையாலும் இப்பறவை அருகிப்போகவே, 1937-இல் இம்மாநிலம் வேட்டையை நிறுத்தியது. எஞ்சியவற்றைப் பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பெருக்கிய பின்னரே, 1960-இல் 14 மாவட்டங்களில் மூன்று நாள் மட்டும் அனுமதித்தது.

"சிறுவனாய் இருந்தபோது இக்குரலை நான் கேட்டதே இல்லை" என்றார் முதியவர். வெறுங்கையுடன் திரும்பிய அவர் முகத்தில் வருத்தம் சிறிதும் இல்லை.