கடல் ஏறும் நேரத்தில் வீடு பார்க்கணும்

மும்பை ஒரு தீவு என்பது சயானில் குடியிருப்பவர்களுக்கே மறந்து போயிருக்கும். ரயில், நெடுஞ்சாலை, ஆஸ்பத்திரி வாசல் கூட்டம் இவைதான் இங்கே கண்ணில் படும். சயான் கோட்டைக் குன்றின் மேல் ஏறி நின்றால் விஷயம் விளங்கும். ஜெரார்டு ஆஞ்சியர் கவர்னராக இருந்த 1669-77 காலத்தில் கட்டிய கோட்டை இது. தெற்கே ஆங்கிலேயரின் பரேல் தீவு, வடக்கே போர்த்துகீசியரின் சால்செட் தீவு, நடுவில் உப்புத் தண்ணீர். பிறகு கவர்னர் டங்கன் காலத்தில் கல்லும் மண்ணும் கொட்டிப் பாதை போட்டார்கள். 1853-ல் தாணே போன முதல் ரயிலும் சயான் வழியாகத்தான் போனது. கிழக்கே, கட்டடங்களுக்கு அப்பால், தாணே கழிமுகத்தின் உப்பளங்கள் இப்போதும் தெரிகின்றன.

அத்தான் ரிட்டயர் ஆனதும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கடல் சத்தம் கேக்குற மாதிரி ஒரு வீடு பாரு மாப்ள. தீவா இருந்தா இன்னும் நல்லது." திருநெல்வேலிச் சீமையின் கடற்கரை ஊரில் பிறந்து, தாராவியில் வளர்ந்து, செம்பூர் வாடகை வீட்டில் பிள்ளைகளைக் கரையேற்றியவர். அந்த ஆசை நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. அக்காவையும் கூட்டிக்கொண்டு மட் ஐலண்டுக்குக் கிளம்பினோம்.

வர்சோவா துறையில் படகு ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை. அதே இடத்துக்கு மலாட் சுற்றி மார்வே ரோடு வழியாகப் போனால் இருபது கிலோமீட்டர் போல ஆகும். இறங்கியதும் மீன் வாடை. கோலி மீனவர்களின் திடலில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டி பொம்பில் மீன் காயப்போட்டிருந்தார்கள். இரண்டு மீனை எடுத்து, ஒன்றின் வாயை இன்னொன்றின் வாய்க்குள் கோத்துவிட்டுக் கயிற்றின் மேல் போடுகிறார்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தொங்கும். வழுக்கும் அந்த மீனைப் பார்க்காமலே கோத்துப் போகிறது பெண்களின் கை. அத்தான் அங்கேயே நின்றுவிட்டார். அன்றே முன்பணம் கொடுத்துவிடுவார் போலிருந்தது.

தடுத்தது அக்கா. "மழைல ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

ஜூலையில் மறுபடி போனோம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. மூங்கில்கள் வெறுமனே நின்றன. படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். காற்று வலுத்தால் அக்கரைப் படகு நிற்கும் என்று துறையில் இருந்த கோலி அம்மா சொன்னார். அப்போது மிச்சம் அந்த ஒற்றை ரோடுதான். "ராத்திரி ஒங்களுக்கு நெஞ்சு வலிச்சா எந்த வழியா கொண்டு போறது?" என்று அக்கா கேட்டாள். அத்தான் பதில் சொல்லவில்லை. போதாததற்கு, கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் இருக்கின்றன. இங்கே இடம் வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு அந்த மண்டல வரைபடத்தையும் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மட் ஐலண்டை விட்டுவிட்டோம். அதற்காக, ஊருக்குள் இருக்கும் சயான் பக்கம் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கு, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்துக்குப் போட்ட கணக்கு. கடல் ஏறியிருக்கும்போது மழை அடித்தால் தண்ணீர் வெளியே போக வழியில்லை, தெருவில்தான் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த இரவை இங்கே யாரும் மறக்கவில்லை.

அதனால் சயானிலும் மாட்டுங்காவிலும் வீடு பார்ப்பதை மழைக்காலத்திலேயே வைத்துக்கொண்டோம். நாலரை மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்துக் குடையோடு தெருத்தெருவாக நடந்தோம். காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீர். அங்கிருந்து கோட்டைக் குன்றை நோக்கி வர வர ரோடு மேடாகிறது, தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கி, பிறகு காணாமலே போகிறது. தரகர் யாரும் இதைச் சொல்வதில்லை. கேட்க வேண்டியது வாட்ச்மேனிடம். ஒரு கட்டடத்தில் மின்மீட்டர் பெட்டியை இடுப்புயரத்திலிருந்து தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தார்கள். பழைய ஆணித் துளைகள் கீழே அப்படியே இருந்தன. 2005-க்குப் பிறகு மாற்றியது என்றார் வாட்ச்மேன். அந்தத் துளைகளைப் பார்த்ததுமே அக்கா வெளியே வந்துவிட்டாள்.

கடைசியில் குன்றின் அடிவாரத்தில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு அமைந்தது. சயான் ஆஸ்பத்திரி நடக்கும் தூரம். கடல் சத்தம் கேட்காது, ரயில் சத்தம்தான். அத்தான் சாயங்காலம் கோட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

வர்சோவாவுக்கும் மட் ஐலண்டுக்கும் பாலம் கட்டும் திட்டம் ஒன்று மாநகராட்சியிடம் இருக்கிறது. பாலம் வந்தால் அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் பொம்பில் காயும் அந்தத் திடலுக்கு விலை பேச அன்றைக்கே ஆள் வரும். ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஊர் ஜனங்களுக்குப் பாலம் வேண்டும், திடலும் அவர்களிடமே இருக்க வேண்டும். இதை அத்தானிடம் சொன்னபோது, "திடல அவங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் பாலம் போடட்டும்" என்றார்.