சாம்பல் அள்ளுவோர்

நெருப்பைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். கவியரங்குகளில் நெருப்பு வராத கவிதையைத் தேடிப்பிடிக்க வேண்டும். சாம்பலையும் எழுதாமலில்லை, அழிவுக்கும் முதுமைக்கும் உவமையாக அதைக் கையாண்டிருக்கிறோம். அடுப்பிலிருந்து அள்ளி எங்காவது கொட்டவேண்டிய ஒரு பொருளாக அது நமது எழுத்தில் வருவது அரிது. எழுதியவர்களில் பெரும்பாலோர் சாம்பல் அள்ளியவர்களல்லர் என்பதே அதற்குக் காரணமாயிருக்கலாம்.

இந்த எண்ணம் எழுவதற்கு எங்கள் வளவில் நிற்கும் ஒரு பீப்பாய்தான் காரணம். கட்டாரில் பல வருடம் இருந்துவிட்டு வந்த மருமகன், வெல்டிங் பட்டறையொன்றில் சொல்லிச் செய்வித்த புகையடுப்பு அது. அடியில் சிரட்டைக்கரி, மேலே கம்பித்தட்டு, அதன்மேல் இறைச்சி, எல்லாவற்றையும் மூட ஒரு மூடி. மெல்லிய சூட்டிலும் புகையிலும் மணித்தியாலக்கணக்காக இறைச்சி வேகும். ருசியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் விருந்தினர் போய், சஹன்கள் கழுவி, எல்லோரும் உறங்கிய பின்னரும் பீப்பாய் அப்படியே நிற்கும். மறுநாள் காலையில் தும்புத்தடியும் வாளியுமாக அதனருகே நிற்பவள் என் மகள்.

அவளுக்குத் துணையாக நானும் நிற்கத் தொடங்கினேன். சாம்பலுக்கும் ஒரு படிப்பு உண்டென்பது அப்போதுதான் விளங்கியது.

இந்த அடுப்பின் சூட்டை ஆள்வது காற்று. அடியிலுள்ள துவாரங்களால் காற்று நுழைந்து, மேலேயுள்ள துவாரத்தால் புகை வெளியேறவேண்டும். பழைய சாம்பல் குவிந்து கிடந்தால் அடித்துவாரம் அடைபடும். கரி மூச்சுத் திணறி அணையும். ஊதினாலோ சாம்பல் பறந்து இறைச்சியில் படியும். ஆகவே புதுக்கரி போடுமுன் பழையதை அள்ளியாகவேண்டும். கம்பித்தட்டைச் சூடு இருக்கும்போதே சுரண்டிவிட வேண்டும். ஆறினால் கொழுப்பு இறுகி ஒட்டிக்கொள்ளும். பீப்பாய்க்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. நனைந்த சாம்பல் சேறாகித் தகரத்தோடு ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கொஞ்சக் காலத்தில் துரு தின்றுவிடும். அந்தச் சேறு காரமானது. அலுமினியச் சட்டியை அரிக்கும், கைத்தோலையும் எரிக்கும்.

உம்மாவின் குசினியில் இதெல்லாம் பேச்சில்லாமலே நடந்தன. இரவுச் சமையல் முடிந்ததும் உம்மா தணலை ஒரு பக்கம் ஒதுக்கி அதன்மேல் சாம்பலை மூடிவிடுவா. சுபஹு நேரம் கிளறினால் உள்ளே செந்தணல் கிடக்கும். தும்பு வைத்து ஊதினால் அடுப்புப் பற்றிவிடும்; நெருப்புக்குச்சி மிச்சம். சாம்பல் ஒரு போர்வை. சூட்டை வெளியே விடாது. காற்றையும் மட்டாகவே உள்ளே விடும். தணல் அதற்குள் மெல்ல மெல்ல எரிந்துகொண்டிருக்கும்.

"சாம்பலுக்குள்ள நெருப்பு உறங்குது மகன், ஆறிட்டுதெண்டு நம்பிராத" என்பா.

2021 இறுதியில் சமையல் எரிவாயு வெடிப்புகள் பற்றிய செய்திகள் நாடெங்கும் பரவின. 2022 இல் சிலிண்டரே கிடைக்காமற் போயிற்று. வெற்றுச் சிலிண்டர்களோடு சனம் வீதியில் வரிசையாக நின்றது. விறகடுப்பை இடித்துவிட்டு டைல்ஸ் பதித்த வீடுகளில், பின்வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். அடுப்பு திரும்பி வந்தது. அதை ஆளும் அறிவு அதனோடு சேர்ந்து வரவில்லை.

அந்த வருட நோன்பு காலத்தில், எங்கள் உறவினர் வீடொன்றில் ஸஹர் சமையலின் சாம்பலை வளவோரம் கொட்டியிருந்தார்கள். மேலே வெள்ளைச் சாம்பல், புகை இல்லை. பகலில் அங்கே விளையாடிய 6 வயதுப் பிள்ளை வெறுங்காலை அதில் வைத்துவிட்டது. உள்ளங்கால் வெந்துபோயிற்று. பக்கத்து வீட்டுத் தாதி ஓடிவந்து, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரின்கீழ் காலைப் பிடித்துக்கொண்டிருந்தா. பற்பசை பூச வந்தவர்களை விரட்டினா. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெருநாளன்று அந்தப் பிள்ளை புதுச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தது. அந்த வீட்டில் எவரையும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. சாம்பலை எங்கே, எப்போது கொட்டவேண்டுமென்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் மௌத்தாகிவிட்டார்கள்.

இப்போது எங்கள் வளவில் மூடியுள்ள இரும்பு வாளியொன்று இருக்கிறது. சமையல் முடிந்ததும் பீப்பாயின் எல்லாத் துவாரங்களையும் அடைத்து நெருப்பைத் தானாக அணையவிடுவோம். மறுநாள் சாம்பலை வாளிக்குள் அள்ளி மூடி, சுவரைவிட்டு எட்டத்தில் கல்லின்மேல் 2 நாள் வைப்போம். பிளாஸ்டிக் வாளி, மட்டைப்பெட்டி, உரப்பை எதுவும் இதற்கு ஆகாது. ஆறாத சாம்பல் குப்பை லொறிக்குப் போவதில்லை. தணல் சட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பதுமில்லை. மூடிய அறையில் தணல் வெளிவிடும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

நன்றாக ஆறிய சாம்பலுக்கு வேலை நிறைய உண்டு. வழுக்கும் விராலைப் பிடித்து அறுக்கலாம். கரிப்பிடித்த மண்சட்டியைத் தும்போடு சேர்த்துத் தேய்க்கலாம். பொட்டாசியம் உள்ளதால் தென்னையடிக்கு நல்லது. ஒரே இடத்தில் அதிகம் கொட்டினால் மண் காரமாகிவிடும். கொழுப்பு ஊறிய சாம்பலைத் தோட்டத்தில் போட்டால் எலியும் நாயும் கிளறும். கடையில் வாங்கும் அச்சுக்கரியில் என்னென்ன சேர்த்திருப்பார்களோ, அதன் சாம்பலைப் பயிருக்குப் போடுவதில்லை.

நெருப்பு மூட்டுவது பெருமை. நாலுபேர் சுற்றிநின்று பார்ப்பார்கள். சாம்பல் அள்ளுவதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. பெருமை ஆண்களுக்கும் வேலை பெண்களுக்குமென்று எவரும் கூடிப்பேசி முடிவெடுக்கவில்லை. ஆனாலும் பங்கு அப்படித்தான் பிரிந்திருக்கிறது. விறகடுப்புக் காலத்தில் தொடங்கிய பாகப்பிரிவினை பீப்பாய்க் காலத்திலும் செல்லுபடியாகிறது.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ஒருநாள், என் மகள் அந்த இரும்பு வாளியைக் கொண்டுவந்து மருமகனின் கையில் கொடுத்தாள்.

"மூட்டுறவங்கதான் அள்ளோணும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பிறகு அள்ளினார். கிழமைக்கு ஒருதரம் புகைந்த பீப்பாய் இப்போது மாதத்துக்கு ஒருதரம் புகைகிறது. இறைச்சியின் ருசியில் ஒரு குறையுமில்லை.