சங்கின் நுனி

கோயிலில் ஊதும் சங்குக்கு நுனி கிடையாது. வாய் வைத்து ஊதத் துளை வேண்டும் என்பதால் அதை அறுத்துவிடுகிறார்கள். அந்தத் துணுக்கில் என்ன இருந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் போய் நின்றது ஜேம்ஸ் ஹார்னெலிடம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றியவர். 1914இல் இந்தியச் சங்குக்கென்றே தனி நூல் எழுதியவர். லின்னேயஸ் 1767இல் விவரித்த இந்த உயிருக்கு அறிவியலில் டர்பினெல்லா பைரம் என்று பெயர். மணல் பரந்த கடலடியில் ஊர்ந்து, புழுக்களைத் தின்று வாழும் ஊனுண்ணி நத்தை அது.

படித்தது போதாமல் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்குப் போனேன். சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவர் அறுபடாத இளஞ்சங்கு ஒன்றைக் கையில் கொடுத்தார். வெள்ளையே தெரியவில்லை, மேலெல்லாம் பழுப்புத் தோல். "உசிரோட எடுத்தா இப்படித்தான் தம்பி இருக்கும். உரிச்சாத்தான் வெள்ளை" என்றார்.

ஓடு வளர்வது வாய் விளிம்பில் மட்டும்தான். உள்ளே இருக்கும் உயிரின் மென்தோல் சுண்ணாம்பைச் சுரந்து, நடுத்தண்டைச் சுற்றியபடி விளிம்பை நீட்டிக்கொண்டே போகிறது. அதனால் வாயிலிருந்து சுருளின் வழியே விரலைப் பின்னோக்கி ஓட்டினால், அதன் குழந்தைப் பருவத்துக்கே போய்விடலாம். நான் ஓட்டிப் பார்த்தேன். உச்சியில் வழவழப்பான, பெரிய குமிழ் ஒன்றில் விரல் நின்றது. முட்டைக் கூட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு கட்டிக்கொண்ட ஓடு அது! வயதான சங்குகளில் பெரும்பாலும் தேய்ந்துபோயிருக்கும்.

அந்தக் குமிழ் பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கரீபியன் கடலின் ராணிச் சங்கோடு ஒப்பிட்டால் அது புரியும். ராணிச் சங்கு வேறு குடும்பம். அதன் இளம் லார்வா வாரக்கணக்கில் நீரில் மிதந்து எங்கெங்கோ போய்ச் சேரும். நம் சங்குக்கு அந்த மிதக்கும் பருவமே இல்லை. தாய் இடும் முட்டைக் கூட்டைப் பெரியவர் பலமுறை பார்த்திருக்கிறார்: "ஆட்டுக்கொம்பு கணக்கா முறுக்கிக்கிட்டு மண்ணுல நிக்கும்." அதன் அடுக்கடுக்கான அறைகளுக்குள்ளேயே குஞ்சுகள் முழு வளர்ச்சி பெற்று, ஓட்டோடு வெளியே ஊர்ந்து வருகின்றன.

பிறந்த மணலை விட்டுச் சங்கு வெகுதூரம் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓரிடத்தில் வழித்தெடுத்துவிட்டால், வேறு கடலிலிருந்து லார்வா மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்ப வழியில்லை. குஜராத்தின் நாகேஷ்வரில் ஹரப்பா காலத்திலேயே சங்கை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். வங்காளத்து மணப்பெண்களின் கை வளையலுக்கு மன்னார் வளைகுடாச் சங்கு நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை தேவையையும் இந்த ஊர்ந்து திரியும் உயிர்தான் தாங்கியிருக்கிறது.

57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மூழ்கிக் கையால் பொறுக்குகிறவரால் அதைப் பின்பற்ற முடியும். கடலடியை அரித்துக்கொண்டு போகும் இழுவை வலைக்குச் சின்னது பெரியது தெரியாது. மணலில் நிற்கும் முட்டைக் கூடும் அதில் சேர்ந்தே வந்துவிடுகிறது.