ஊரிடம் கேட்ட ஆய்வு

நுழையும்முன்

ஓர் ஊரில் நடந்த ஆய்வு நாட்டின் திட்டங்களை மாற்ற முடியுமா? மாற்றும்போது, ஆய்வின் எந்தப் பகுதி அரசாணைக்குள் இடம்பெறுகிறது? எந்தப் பகுதி விடுபட்டுப் போகிறது? திண்டுக்கல் சமவெளியில் 1959ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு களமுயற்சியின் வழியே இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மலையடிவாரத்தில் ஒரு தொடக்கம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் சிறுமலைத் தொடர் இடப்புறம் உடன்வரும். சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டிக்கு அருகே, அம்மலையை நோக்கியபடி அமைந்துள்ளது காந்திகிராமம். மேற்கே பழனி மலைத்தொடரின் அடிவாரம் வரை பரந்து கிடப்பது ஆத்தூர் வட்டாரம். இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள இப்பகுதி, 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே காந்திகிராமம் தோன்றியது. அதை நிறுவியவர்கள் மருத்துவர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரனும் ஆவர். செல்வக் குடும்பத்தில் பிறந்து, தில்லியில் மருத்துவம் பயின்றவர் சௌந்தரம். நகரில் மருத்துவமனை வைத்து வாழ்ந்திருக்கக்கூடிய அவர், மகப்பேற்றின்போது தாயும் சேயும் மடிவது அன்றாட நிகழ்வாக இருந்த சிற்றூர்களைத் தம் பணிக்களமாகத் தேர்ந்தார். சிறிய மகப்பேற்று மனையாகத் தொடங்கிய பணி, பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

அதே காலத்தில் உயர்கல்வி பற்றிய சிந்தனையும் புதிய திசையில் சென்றது. டாக்டர் இராதாகிருட்டிணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக்குழு, சிற்றூர்களில் வாழும் பெரும்பான்மை மக்களுக்கென ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1956இல் நாட்டின் பல பகுதிகளில் ஊரக உயர்கல்வி நிறுவனங்கள் உருவாயின. காந்திகிராம ஊரக நிறுவனம் அவற்றுள் ஒன்று. கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கம் என்னும் மூன்றும் அதன் பணிகளாயின. வகுப்பறையின் அறிவை ஊருக்குக் கொண்டுசெல்வதும், ஊரின் அறிவை வகுப்பறைக்குக் கொண்டுவருவதுமே விரிவாக்கம்.

ஆத்தூர்க் களம்

விடுதலைக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் இந்தியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 146 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. குழந்தைகள் பிழைப்பார்கள் என்ற உறுதி இல்லாத வீட்டில், பல குழந்தைகளைப் பெறுவது அறியாமையன்று. அது பெற்றோரின் முன்னெச்சரிக்கை. இந்த உண்மையை உணராமல் சிறுகுடும்பம் பற்றிப் பேசியவர்களின் சொல் ஊருக்குள் ஏறவில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக இந்தியா 1952இலேயே ஏற்றுக்கொண்டது. நகரங்களில் மையங்கள் திறக்கப்பட்டன. வேண்டுவோர் தாமே வருவர் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஆனால் வந்தவர்கள் சிலரே. கதவைத் திறந்துவைத்தும் மக்கள் வராதது ஏன்? இவ்வினாவுக்கு விடைகாணக் களம் தேவைப்பட்டது.

இந்திய அரசு, சென்னை மாநில அரசு, ஃபோர்டு அறக்கட்டளை ஆகியவற்றின் துணையோடு 1959இல் காந்திகிராமத்தில் முன்னோடி நலவாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த ஆத்தூர் வட்டாரம் அதன் களமாயிற்று. 1964இல் இம்முயற்சி ஊரக நலவாழ்வு, குடும்பநலம் ஆகியவற்றுக்கான தனி நிறுவனமாக உருப்பெற்றது.

முதல் வேலை எண்ணுவதும் கேட்பதும் ஆகும். பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதிவு செய்யப்படாத ஊரில், ஒரு திட்டம் பயன் தந்ததா இல்லையா என்பதைச் சொல்ல வழியில்லை. எனவே எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்னும் கணக்கு முறையாகத் திரட்டப்பட்டது. அதனோடு, மக்கள் எதை அறிந்திருக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், யாருடைய சொல்லை நம்புகிறார்கள் என்பனவும் ஆராயப்பட்டன.

கடைசி வினாவின் விடையே ஆய்வின் திறவுகோல் ஆயிற்று. வெளியிலிருந்து வரும் அலுவலரின் சொற்பொழிவைவிட, ஊரார் மதித்து ஆலோசனை கேட்கும் உள்ளூர் மனிதர் ஒருவரின் சொல்லுக்கு வலிமை மிகுதி. அத்தகைய ஆண்களும் பெண்களும் ஊர்தோறும் அடையாளம் காணப்பட்டனர். அவர்களிடம் செய்திகள் விளக்கப்பட்டன; அவர்களுடைய ஐயங்களுக்கு விடை தரப்பட்டது. பிறகு அவர்களே தம் தெருவில், தம் உறவினரிடம், தம் மொழியில் பேசினர். தாய்சேய் நலப்பணியும் இதனோடு இணைந்து நடந்தது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும், எத்தனை பிள்ளை வேண்டும் என்ற முடிவும் ஒரே கயிற்றின் இரு இழைகள் அல்லவா?

திட்டம் தொடங்கியபோது ஆயிரம் பேருக்கு 40க்கு மேல் இருந்த ஆண்டுப் பிறப்பு வீதம், பத்தாண்டுகளுக்குள் 30க்கும் கீழே இறங்கியது. கல்வி, போக்குவரத்து, மருத்துவ வசதி எனப் பிற காரணங்களும் இதில் பங்கு கொண்டிருக்கும். எனினும், வற்புறுத்தல் இல்லாமல் உரையாடலின் வழியே மாற்றம் இயலும் என்பதை ஆத்தூர்க் களம் காட்டியது.

ஆய்விலிருந்து ஆணைக்கு

1963இல் நடுவண் அரசு தன் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் திருத்தி அமைத்தது. மையத்தில் காத்திருக்கும் முறை மாறி, பணியாளர் மக்களைத் தேடிச் செல்லும் விரிவாக்க முறை நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்த் தலைவர்களின் துணை, வீடுதேடிச் செல்லும் பணி, நலவாழ்வுக் கல்வி ஆகியவை திட்டத்தில் இடம்பெற்றன. நாட்டின் பல இடங்களில் நடந்த களமுயற்சிகள் இம்மாற்றத்திற்கு வழிகாட்டின. காந்திகிராமமும் அவற்றுள் ஒன்று.

சௌந்தரத்தின் பொதுவாழ்வும் களத்திற்கும் ஆட்சிக்கும் இடையே பாலமாக அமைந்தது. 1952இல் ஆத்தூரிலிருந்தும் 1957இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்திற்குச் சென்ற அவர், 1962இல் திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினராகி, நடுவண் அரசின் கல்வித்துறைத் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். ஊரில் கண்டதை மன்றத்தில் சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

எண் மட்டும் எஞ்சியபோது

ஆய்வு அரசாணையாக மாறும் வழியில் ஓர் இடர் காத்திருந்தது. ஆத்தூரில் எண் என்பது பயனை அளந்தறியும் கருவி. ஆனால் 1960களின் பிற்பகுதியில் அந்த எண்ணே இலக்கு ஆயிற்று. இத்தனை பேருக்கு அறுவை செய்யப்பட வேண்டும் என்று மாநிலத்திற்கும் மாவட்டத்திற்கும் ஒதுக்கீடு வந்தது. கேட்பதற்காக வீடு தேடிச் சென்ற பணியாளர், இப்போது கணக்கை நிரப்புவதற்காகச் செல்ல வேண்டியதாயிற்று.

1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலைக் காலத்தில் அதன் உச்சத்தை நாடு கண்டது. 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடைபெற்றன. குறிப்பாக வடமாநிலங்களில், ஏழைகள் பலர் கட்டாயத்திற்கு உள்ளாயினர். மக்களின் அச்சமும் சினமும் 1977 தேர்தலில் வெளிப்பட்டன. அதன்பின் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ என மாற்றப்பட்டது. ஆயினும் இழந்த நம்பிக்கையை மீட்பது எளிதாக இல்லை.

ஆய்வின் முடிவை எடுத்துக்கொண்டு அதன் வழிமுறையைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று. பிறப்பு வீதம் குறைந்தது என்பது ஆத்தூரின் முடிவு; மக்களை மதித்துப் பேசியதால் குறைந்தது என்பது ஆத்தூரின் பாடம். முடிவு கோப்புக்குள் எளிதில் அடங்கியது, பாடம் அடங்கவில்லை.

அப்பாடம் மீண்டும் நினைவுக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1994இல் கெய்ரோ நகரில் கூடிய பன்னாட்டு மக்கள்தொகை மாநாடு, பெண்களின் உரிமையையும் நலத்தையும் முதன்மைப்படுத்தியது. இந்திய அரசும் 1996 ஏப்ரல் முதல் மேலிருந்து விதிக்கப்படும் இலக்குகளைக் கைவிட்டது. தமிழ்நாட்டிலோ, இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள் என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. 2020இல் இம்மாநிலத்தின் குழந்தை இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 13 என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. பிள்ளைகள் பிழைத்தனர், பெண்கள் படித்தனர், குடும்பங்கள் தாமே முடிவெடுத்தன.

உயர்கல்விக்கு ஒரு பாடம்

காந்திகிராம ஊரக நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அடுத்த ஆண்டே, பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இணையான மூன்றாவது கடமையாக விரிவாக்கத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. ஊரக நிறுவனங்கள் இருபது ஆண்டுகளாக நடைமுறையில் கொண்டிருந்த கொள்கை, நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. அதற்கு முன்பே, 1969இல், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிலக்கொடைக் கல்லூரிகளும் இவ்வாறே உழவரின் வயலையும் ஆய்வுக்கூடத்தையும் இணைத்தன. காந்திகிராமத்தில் இந்த இணைப்பு பிற துறைகளுக்கும் விரிந்தது. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 1996இல் ஊராட்சித் தேர்தல்கள் நடைபெற்றன. மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் பொறுப்பேற்றனர். அலுவலக நடைமுறையை முன்பு அறிந்திராத அவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும், ஊராட்சிகளின் செயல்பாட்டை ஆராயவும் காந்திகிராமப் பேராசிரியர்கள் முன்வந்தனர். சட்டம் படித்தவரும் ஊரை நடத்துபவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்ட களம் அது.

ஆயினும், ஆத்தூரின் பாடம் உயர்கல்விக்கும் எச்சரிக்கையாகவே நிற்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுக்கு 120 மணிநேரம் பணியாற்ற வேண்டும் என்பது விதி. அந்த 120 மணிநேரம் ஊரை அறிவதற்கான வாயிலாகவும் அமையலாம். சான்றிதழுக்கான கணக்காகவும் முடிந்துபோகலாம். முகாமுக்குச் செல்லும் மாணவர், ஊர்க்கிணற்றைத் தூர்வாரிவிட்டுத் திரும்புவதோடு நின்றால் அவர் செய்தது உதவி. அக்கிணறு ஏன் வற்றியது என்று அவ்வூர் முதியவரிடம் கேட்டு, அதைக் குறித்துக்கொண்டு வகுப்பறைக்குத் திரும்பினால், அங்கே ஆய்வு தொடங்குகிறது.

நிறைவாக

கணக்கெடுப்புப் பணியாளர் கதவைத் தட்டும் வீடுகள் திண்டுக்கல் சமவெளியில் இன்றும் உள்ளன. அவருடைய வினாத்தாளுக்குப் பொறுமையாக விடையளிக்கும் பெண் ஒருவர், அவ்விடை எங்கே போகிறது என்பதை அறியமாட்டார். அவர் சொன்ன ஒரு சொல், பல்லாயிரம் சொற்களோடு சேர்ந்து அட்டவணையாகி, அறிக்கையாகி, ஒருநாள் அவர் வீட்டுக்கே அரசின் திட்டமாகத் திரும்பி வரக்கூடும். அத்திட்டத்தில் தம் குரலை அவரால் அடையாளம் காண முடிந்தால் ஆய்வு வென்றது எனலாம். தம்மைப் பற்றிய எண்ணை மட்டுமே அவர் காண நேர்ந்தால், ஆத்தூர் மீண்டும் ஒருமுறை மறக்கப்பட்டது என்பதே பொருள்.

நாளை பல்கலைக்கழகங்களில் நுழையவிருக்கும் மாணவர்களின் கைக்கு ஒருநாள் அந்த வினாத்தாள் வந்து சேரும். வினாக்களைக் கேட்டு முடித்தபின், எழுதுகோலை மூடிவிட்டு, விடை சொல்பவர் தாமாக என்ன பேசுகிறார் என்பதற்கும் அவர்கள் சிறிது செவிகொடுக்க வேண்டும்.